காலரில்லாத வேட்பாளர்

"இன்னைக்கு எத்தனை பேர்?" என்று கேட்டார் தையல்காரர்.

"மூணு பேர்தாங்க," என்றாள் மனைவி, தலையைக் குனிந்துகொண்டு.

ஜூடோவில் ஐந்து முறை தேசிய சாம்பியன் அவள். தேர்தலுக்குத்தான் புதுசு. பதினெட்டு வருடப் பழக்கம் கட்சியில் சேர்ந்ததும் போய்விடுமா, பாவம்? யாராவது சட்டைக்கையைப் பிடித்தால் போதும், அவள் யோசிப்பதற்குள் பிடித்தவர் தரையில் மல்லாந்திருப்பார். அடி படாது, பூப்போலத்தான் இறக்குவாள். ஆனாலும் ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் செய்கிற காரியமா இது?

"இன்னும் ஒருத்தர் விழுந்தா சீட் வேற ஆளுக்கு," என்று கட்சித் தலைவர் போனில் சொல்லிவிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு மைதானம் வாங்கித் தரவே அரசியலுக்கு வந்தவள் அவள். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்தார். கையில்லாத சட்டை தைத்தார். ரொட்டிக்கடைக்காரர் காலரைப் பிடித்தார். இவர் காலரை வெட்டினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, தபால்காரர் இடுப்புப் பட்டியைப் பிடித்தார். அதையும் பிரித்தெடுத்தால், பல் டாக்டர் ஓடி வந்து தோளைக் கட்டிக்கொண்டார். அவரும் தரையில்.

"இந்த ஊர்ல யாருக்கும் தள்ளி நின்னு பேசத் தெரியாதா?"

"எல்லாரும் சிரிச்சுக்கிட்டேதாங்க எழுந்து போறாங்க."

"அது அதிர்ச்சியில வர்ற சிரிப்பும்மா."

விஷயம் காதுக்கு எட்டி, மறுநாள் தலைவரே மனைவியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். தையல்காரர் அவசரமாகத் தன் மனைவியின் இரண்டு கையிலும் டீக் கோப்பையைத் திணித்தார். "இதைக் கீழே வைக்காதே. யாரையும் தொட முடியாது பாரு."

"உட்கார்ந்து பேசலாம்மா," என்று தலைவர் அவள் முழங்கையைப் பிடித்தார்.

கை இரண்டும் வேலையாக இருந்தன. கால் சும்மாதானே இருந்தது? தலைவர் விரிப்பின் மேல் நீட்டி நிமிர்ந்து கிடந்தார். டீ ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

தையல்காரருக்கு உயிரே போய்விட்டது. சீட்டும் போச்சு, மைதானமும் போச்சு. அவள் கண் கலங்கி நின்றாள்.

தலைவரின் மனைவி கைப்பையைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு, கணவரைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சீட்டைப் பத்திக் கவலைப்படாதே, இவரை நான் பார்த்துக்கறேன். இப்போ உன்னை எங்க பிடிக்கணும், அதைச் சொல்லு. எங்க மகளிர் சங்கத்துல எல்லாரும் வந்து விழுந்துட்டுப் போயாச்சு, நான் ஒருத்திதான் பாக்கி."