என் பெட்டி யாருக்குப் படம் காட்டியது?

கல்யாணமான மூன்று வருடத்தில் நான் வீட்டுக்குள் செய்த சபதங்கள் பதினொன்று. பத்தை நானே மறந்துவிட்டேன். பதினொன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது.

"இந்தப் பெட்டியில படம் வர்ற வரைக்கும் உன் ஓட்டை லேப்டாப்பைக் கையால தொடமாட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன்!"

"சரிங்க" என்றாள் என் மனைவி. இவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னதும் நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

பெட்டி என்றால் கம்ப்யூட்டர். கடையில் வாங்கியதில்லை. உதிரி உதிரியாக வாங்கி, நானே பூட்டி, அதற்குள் ஆப்பிள் கம்பெனியின் மேக் மென்பொருளை ஏற்றினேன். காசு கொடுத்து மேக் வாங்க யாராலும் முடியும். இதற்குத் தலைக்கனம் வேண்டும். என்னிடம் நிறைய இருந்தது.

படம் காட்டத் தனி கார்டு நான் வாங்கவில்லை. பிராசசருக்குள்ளேயே அதற்கும் ஒரு பகுதி இருக்கிறது, அது போதும் என்பது என் கட்சி. மென்பொருள் ஏற்றும் ஒருநாளைக்கு மட்டும் ஆபீஸ் நண்பனிடம் கார்டு இரவல் கேட்டேன். அவன் கார்டோடு தானும் வந்துவிட்டான். உயரமானவன். கல்யாணமாகாதவன். மூன்றே திருகு திருகினான், படம் வந்தது. அழுதுகொண்டிருந்த எங்கள் ஏழு மாதப் பையனைத் தூக்கினான், குழந்தை சிரித்தது.

"எவ்வளவு பொறுமை அந்த மனுஷனுக்கு!" என்றாள் மனைவி. அந்த வார்த்தையை மூன்று வருடத்தில் ஒருநாளும் என் பக்கம் அவள் திருப்பியதில்லை.

மறுநாளே கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். கார்டோடு படமும் போய்விட்டது. பொத்தானை அமுக்கினால் ஆப்பிள் சின்னம் வரும். அதன் கீழே ஒரு கோடு பாதிவரை வளரும். அப்புறம் கறுப்பு. விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கரித்துணி.

"அவரைக் கேளுங்களேன்."

"எவரை?"

"அதான், கார்டு குடுத்தாரே."

"அவனுக்கு என்ன தெரியும்?"

"படம் வரவைக்கத் தெரிஞ்சுதே. சரி, என் லேப்டாப்புலயாவது தேடிப் பாருங்க."

அப்போதுதான் அந்தப் பதினொன்றாவது சபதம்.

பெட்டியின் முதுகில் திரையைச் செருக இரண்டு ஓட்டைகள். எந்த ஓட்டைக்கு எந்த எண் என்பதை ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். அந்தக் கோப்பு பென்டிரைவில் இருந்தது. பகலில் ஆபீஸில் எண்ணை மாற்றுவேன். மாலையில் வீட்டில் செருகுவேன். கறுப்பு. இப்படிப் பதினேழு நாள். தினமும் கோபத்தில் பெட்டியை அணைக்கப் போவேன்.

"அணைக்காதீங்க. அந்த உய்ங்ங் சத்தத்துலதான் பையன் தூங்கறான்" என்பாள்.

உண்மைதான். அவன் தொட்டில் அந்த அறையில்தான். நான் கட்டிய உலகத் தரமான இயந்திரம் தாலாட்டு பாடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பையன் பிறந்த வாரத்தில் ஒருமுறை அவன் மூச்சு ஒரு கணம் நின்றது போல் இருந்தது. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். இவளுக்கு அது ஒன்றுமில்லாமல் போகவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிப்போய் அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். சமையலறையிலிருந்து பார்க்க ஒரு கேமரா கேட்டாள். "பயத்துக்கெல்லாம் பொருள் வாங்கித் தர முடியுமா?" என்று சிரித்தேன். சிரித்துவிட்டுப் பெட்டிக்கு விசிறி வாங்கினேன்.

ஆனால் ஒரு வாரமாக அவள் ஓடுவதில்லை. சமையலறையிலேயே இருந்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி. என் அறிவுரை வேலை செய்துவிட்டது என்று மீசையை நீவிக்கொண்டேன்.

புதன்கிழமை அவள் குரல் காதில் விழுந்தது. அடுப்பு மேடையில் லேப்டாப். அதன் முன்னால் கன்னத்தில் கைவைத்து, கிசுகிசுப்பாக:

"என் ராசா... போர்வையை ஏன் உதைக்கிறே?"

நான் வாசற்படியில் கல்லாகிப் போனேன்.

"சட்டை மேல ஏறிடுச்சே. இங்க பாரு, சிரிக்கிறதை!"

என்னைக் கண்டதும் லேப்டாப்பை மூடினாள்.

"யார் கூடப் பேசினே?"

"யாரும் பேசலைங்க."

இவள் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். பொய் சொல்லமாட்டாள். யாரும் பேசவில்லை என்றால் அந்தப் பக்கத்து ஆள் பேசவில்லை. வெறுமனே போர்வையை உதைத்துக்கொண்டு சிரிக்கிறான்! பையனாக இருக்க முடியாது. அவன் சாத்திய கதவுக்குப் பின்னால் தூங்குகிறான். வேறு யார்? உயரமாக, பொறுமையாக, கல்யாணமாகாமல் யார்?

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டேன். அந்தக் கார்டுக்காரனும் அன்று விடுப்பு என்றார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்குள் நானே திருடன் மாதிரி நுழைந்தேன். சமையலறையில் அதே குரல்: "கையை வாய்ல வைக்காதே, என் கண்ணு."

போனை எடுத்துக் கார்டுக்காரனை அழைத்தேன். லைன் பிஸியாக இருந்தால் இன்றோடு தீர்ந்தது. முதல் மணியிலேயே எடுத்தான்.

"என்னடா, படம் வந்துடுச்சா? பல்லு பிடுங்கிட்டு வந்திருக்கேன். பேச முடியலைடா."

வைத்தேன். அவன் இல்லை. அப்படியானால் எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவன்! பாய்ந்து உள்ளே போனேன்.

"காட்டு! யார்னு காட்டு!"

"திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன்னு..."

"காட்டுடி!"

திருப்பினாள். அங்கே நான் இருந்தேன். மாலையும் கழுத்துமாக, கல்யாணப் போட்டோவில். நான் என் பெட்டிக்கு வைத்த பின்னணிப் படம். என் மார்புக்கு நடுவே ஒரு சின்னச் சதுரம். அதில் என் மகன், கட்டைவிரலைச் சப்பியபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"இது... என் பெட்டிடி!"

"ஆமாங்க."

"அதுல படம் வரலையே!"

"திரையிலதாங்க வரலை. பெட்டி முதல் நாள்லேர்ந்து நல்லாத்தான் ஓடுது. வீட்டுல எந்த மூலையிலேர்ந்தும் இதைப் பார்க்கலாம், ஓட்டலாம்னு கார்டு வந்த அன்னைக்கு நீங்கதானே என் லேப்டாப்புல போட்டுக் காமிச்சீங்க?"

காட்டினேன். கார்டுக்காரன் பக்கத்தில் நின்றதால் கொஞ்சம் அதிகமாகவே காட்டினேன். ஆபீஸ் மீட்டிங்குக்காகத் திரைக்கு மேல் நான் மாட்டிய கேமரா ஒரு வாரமாகத் தொட்டில் பக்கம் திரும்பியிருந்தது. துடைத்தபோது இடிபட்டது என்று நினைத்திருந்தேன்.

"பதினேழு நாள்! ஏன் சொல்லலை?"

"பொய் சொல்லக்கூடாதுன்னுதான் சிஸ்டருங்க சொல்லிக்கொடுத்தாங்க. கேக்காததையும் சொல்லணும்னு சொல்லலை." அவள் குரல் இறங்கியது. "கதவைத் திறந்தா முழிச்சுக்கறான். திறக்கலன்னா எனக்கு மூச்சு வரலை. படம் வந்துட்டா அந்த நாற்காலியை விட்டு நீங்க எழுந்திருப்பீங்களா?"

மாட்டிக்கொண்ட ஆண்மகன் என்ன செய்வான்? ரிப்பேரில் இறங்குவான். சபதம் இருந்ததால் நான் சொல்ல, அவள் லேப்டாப்பில் தட்டித் தேடினாள். விவரம் வந்தது. என் பெட்டி தன்னை ஒரு லேப்டாப் என்று நினைத்துக்கொண்டு, இல்லாத மூடியின் திரைக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. முதல் நாள் நான் எழுதி, அப்புறம் தொடாமலே விட்ட ஒரே ஒரு எண்ணால் வந்த வினை. பூனை நடை நடந்து பென்டிரைவைச் செருகிவிட்டு வந்தேன். எண்ணை மாற்றினாள்.

"இப்ப ரீஸ்டார்ட் பண்ணு."

"அதுவரைக்கும் அவன் தெரியமாட்டானே! எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷமா!"

அந்த ஒரு நிமிடமும் நான் தொட்டிலருகே நின்று, அவன் மூக்கருகே விரல் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு. வைத்தேன். சூடாக, சின்னதாக, ஒரு காற்று வந்து போனது. அடுத்தது வரும்வரை நானும் மூச்சு விடவில்லை.

ஆப்பிள். கோடு. பாதி. முக்கால். அறை முழுக்க வெளிச்சம்! இரண்டடி அகலத்துக்கு மாலையும் கழுத்துமாக நான்!

பையன் கண்ணைத் திறந்தான். என் பெரிய முகத்தைப் பார்த்தான். வீடே அதிர அலறினான்.

அவள் பறந்து வந்து தூக்கினாள். "வந்துடுச்சுங்க! ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். பிறகு, "அணைச்சிடுங்க. பெட்டியை இல்லை, திரையை."

அணைத்தேன். அவனைத் தட்டித் தூங்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, லேப்டாப்பை என் மடியில் வைத்தாள்.

"படம்தான் வந்துடுச்சே, சபதம் முடிஞ்சுது. இனி நீங்க இதைத் தாராளமா தொடலாம். நான் தூங்கி ஏழு மாசம் ஆச்சு. கண்ணை எடுக்காம பாருங்க."

இரண்டு மணி நேரம் ஆகிறது. கண்ணை எடுக்கவில்லை. போன் அதிர்ந்தது. கார்டுக்காரன்.

"என்னடா, படம் வந்துடுச்சா இல்லையா?"

"மெதுவாப் பேசுடா" என்றேன். "தூங்கறான்."