பட்டு வேட்டி கட்டிய பொயிலர்

ஒரு பொயிலரை மரியாதை குறையாமல் 'அவர்' என்று அழைத்த மனிதர், மொன்றியலில் மட்டுமல்ல, உலகத்திலேயே ஒருவர்தான். அந்த மனிதரின் சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். எங்களுக்குப் பொயிலர் அண்ணை.

நோத்ர-டாம்-த-கிரேஸில் இரண்டு மாடி வீடு. கீழே அண்ணையும் மனைவி பத்மா அக்காவும். மேலே வாடகைக்கு நானும் என் மனைவியும். நிலவறையில் பொயிலர். அது சூடாக்கும் தண்ணீர் குழாய் வழியே ஏறி, அறைக்கு அறை நிற்கும் இரும்பு ரேடியேற்றர்களுக்குள் புகுந்தால்தான் இரண்டு குடும்பத்துக்கும் குளிர்காலம் கழியும்.

ஊரே அரைக்காற்சட்டையோடு ஐஸ்கிறீம் சாப்பிடும் ஓகஸ்டிலேயே அண்ணைக்குக் குளிர்காலம் தொடங்கிவிடும். கையில் சிறு சாவியும் வெறும் பால்மா ரின்னுமாக மேலே வருவார். ரேடியேற்றருக்குள் காற்று அடைபட்டிருந்தால் சூடு ஏறாது. சாவியைத் திருகி அதை வெளியேற்ற வேண்டும். அண்ணை முதலில் காதை வைத்துக் கேட்பார்.

"வாய்வு," என்பார். "தங்கச்சி, நேற்றுக் கடலையோ அவிச்சனீங்கள்?"

"ஓம் அண்ணை. ஆனா அதை நாங்கள்தானே சாப்பிட்டம்?" என்பாள் என் மனைவி.

"மணம் குழாய்க்குள்ளாலயும் போகுமெல்லோ!"

'புஸ்' என்று காற்று வெளியேறும். ரின்னில் தண்ணீர் சொட்டும். நோயாளியைப் பிழைக்கவைத்த வைத்தியரைப் போல அண்ணை நிமிர்ந்து, அடுத்த அறைக்கு நடப்பார்.

ஆயுத பூசைக்கு மற்றவர்கள் கார்ச் சாவியையும் மடிக்கணினியையும் வைப்பார்கள். அண்ணை வீட்டில் சரஸ்வதி படமே நிலவறைக்கு இறங்கிவிடும். பொயிலருக்குச் சந்தனம், குங்குமம், வடை, மாலை.

"எனக்கு இந்த மனுசன் கடைசியா மாலை போட்டது கலியாணத்தண்டு," என்பார் பத்மா அக்கா. "அதுவும் ஐயர் போடச் சொன்னதாலை."

பொயிலர் திருத்துபவரைக் கூப்பிடலாமே என்று யாராவது சொன்னால் அண்ணைக்கு முகம் சிவந்துவிடும். "பிறத்தியாரை அவரிலை கைவைக்க விடமாட்டன்!"

போன வருடம் அக்காவின் பொறுமை தீர்ந்தது. புரோசார்டில், மகள் வீட்டுக்குப் பக்கத்தில், சுவரிலுள்ள பொத்தானைத் தொட்டால் சூடு வரும் தொடர்மாடி வீடு ஒன்றைப் பார்த்துவைத்திருந்தார்.

"இஞ்சேருங்கோ, இந்தமுறை உங்கட ஆள் எழும்பாட்டி வீட்டை வித்துப்போட்டுப் போறம். சரியோ?"

"சரி," என்றார் அண்ணை, கொஞ்சமும் யோசிக்காமல். வீடு விலைப்பட்டால் கொட்டும் பனியில் நாங்களும் வேறு வீடு தேடவேண்டும்.

பந்தயம் என்றதும் பூசை பெருத்தது. மாலை போதாதென்று அண்ணை தன் கலியாணப் பட்டு வேட்டியை எடுத்துப் பொயிலரின் இடுப்பில் இறுக்கிச் சுற்றினார். பூசை முடிந்த பிறகும் அவிழ்க்கவில்லை.

"குளிர் வருது தம்பி. அவரும் போர்க்கத்தானே வேணும்?"

வீட்டையே சூடாக்குபவருக்குப் போர்வை! நான் வாடகைக்காரன்; பூசை வடையை வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன்.

குளிர் வந்தது. அண்ணை பொயிலரை இயக்கினார். நெருப்புப் பற்றியது, அணைந்தது. மறுபடி பற்றியது, மறுபடி அணைந்தது. "ராசா, மானத்தை வாங்காதேங்கோ" என்று அண்ணை கெஞ்சுவது குழாய் வழியே மேலே எங்களுக்குக் கேட்டது. இரண்டு நாள் பொறுத்துவிட்டு, அக்கா வீடு விற்கும் முகவரைத் தொலைபேசியில் அழைத்தார். பின்னேரம் வருவதாக முகவர் சொன்னார்.

அண்ணை காரை எடுத்தார்.

"எங்கையண்ணை?" என்றேன்.

"கோயிலுக்கு. அவரின்ரை பேரிலை ஒரு அர்ச்சனை."

"ஐயர் நட்சத்திரம் கேட்பாரே?"

"அவரை இஞ்சை பூட்டின நாளைப் பஞ்சாங்கத்திலை பார்த்து வைச்சிருக்கிறன். கார்த்திகை."

கார் போனதும் நான் நிலவறைக்கு இறங்கினேன். அங்கே அக்கா, குளிரங்கியோடு பொயிலர் முன் முழங்காலில் இருந்து, பட்டு வேட்டியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வேட்டி விலக, பொயிலர் காற்று இழுக்கும் துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

"மூச்சுவிட வழியில்லாமல் கட்டிப்போட்டு, எழும்பு எழும்பு எண்டால் ஆர் எழும்புவினம்?" என்றபடி பொத்தானை அழுத்தினார். நெருப்புப் பற்றியது. அணையவில்லை.

"அப்ப புரோசார்ட், அக்கா?"

"அங்கை போனா இந்த மனுசன் ஆரோட கதைக்கும்?" வேட்டியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். "முகவரை வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். வேட்டியைத் தோய்க்க எடுத்தனெண்டு சொல்லுறன். அர்ச்சனையாலைதான் எழும்பினதெண்டு இருக்கட்டும். நீங்கள் ஒண்டும் கதைச்சுப்போடாதேங்கோ, தம்பி."

நான் மேலே ஏறி முக்கால் மணி நேரத்தில் எங்கள் கதவு அதிர்ந்தது. வெளியே அண்ணை; நெற்றி நிறைய விபூதி, இரண்டு கையிலும் அர்ச்சனைத் தட்டு. கதவைக் காலால்தான் தட்டியிருக்கிறார்.

"எழும்பீட்டார் தம்பி! சூடு வருதோ?"

சூடான தண்ணீர் மேல்மாடிக்கு ஏற இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். ரேடியேற்றர் பனிக்கட்டியாக இருந்தது.

"வேர்க்குது அண்ணை," என்று சுவெட்டரைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். அவர் கடைசிப் படி இறங்கும்வரை அதைத் திரும்ப எடுக்கவில்லை.