சின்னச் சொல்லாகப் பார்த்து

"ஒரே ஒரு சொல்லை முடிச்சுக் கொடுத்துட்டுக் கிளம்புங்க. எதுன்னு நீங்களே எடுத்துக்கலாம்" என்று பதிப்பாசிரியர் இரண்டு சீட்டுகளை நீட்டினார்.

அகராதி அலுவலகத்தில் லீவு அத்தனை லேசில் கிடைக்காது. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் துணையாசிரியருக்கோ ஆறு மணிக்கு ரயில். பேத்தியை இதுவரை போட்டோவில்தான் பார்த்திருந்தார்.

ஒரு சீட்டில் ரயில் நீளத்துக்கு ஒரு சொல். இன்னொன்றில் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து: செட். யாரையும் காக்கா பிடிக்காமலே காரியம் முடிந்தது என்று சின்னதை எடுத்துக்கொண்டார். நீளமானது பக்கத்து மேஜை அம்மாளின் தலையில் விழுந்தது.

பதினொரு மணிக்கு அந்த அம்மாள் பேனாவை மூடினார். "ஒரே அர்த்தம்தான் சார். ஏதோ வியாதியாம்."

துணையாசிரியர் அப்போது பதினாலாவது அர்த்தத்தில் இருந்தார். டிவி செட், பல் செட், சினிமா செட், அலாரம் செட் பண்ணுவது என்று போய்க்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் கை கொடுங்கம்மா."

"சிமெண்ட் செட் ஆகுறதை எழுதிட்டீங்களா? டென்னிஸ்ல வர்றது? சூரியன் மறையறதுக்கும் அதான் சார்." பதினேழில் கொண்டுபோய் விட்டுவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

ஆறுதலுக்கு மனைவிக்குப் போன் போட்டார். அது இன்னும் வினையாயிற்று.

"துணியெல்லாம் செட் செட்டா மடிச்சு வச்சாச்சு. முடியைக்கூட செட் பண்ணிட்டேன். சம்பந்தியம்மாவுக்கும் எனக்கும் செட் ஆகாது, ஆனாலும் பேத்திக்காக வாயைத் திறக்க மாட்டேன்."

"மெதுவா சொல்லு, எழுதிக்கிறேன்."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் சொல்றதை இன்னிக்குத்தான் எழுதிக்கிறீங்க." மனைவி குளிர்ந்துபோய் மேலும் ஏழெட்டு சொன்னாள்.

நாலரைக்கு நாற்பதைத் தாண்டியிருந்தார். உண்மையைச் சொன்னால், அந்தச் சொல்லின் மேல் அவருக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. பேத்தியை நினைத்தபோதுதான் கடிகாரத்தைப் பார்த்தார்.

அறையைப் பெருக்க வந்த பெண், மேஜைக்கு அடியில் கிடந்த சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

"இந்தத் தடவை உங்களுக்கா சார்? சீக்கிரம் ரயிலுக்குக் கிளம்புங்க, இந்தச் சொல்லு அச்சாகி நாலு மாசமாச்சு, லீவு கேட்டு வர்றவங்க எல்லாரும் சின்னதைத்தான் எடுப்பாங்கன்னு ஐயா இந்தச் சீட்டை டிராயர்லயே வச்சிருக்கார்."