மாப்பிள்ளைக்கு லத்தீன் தெரியும்

"உனக்கு லத்தீன் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் நர்ஸ், தன் வீட்டு அழைப்பு மணியை அழுத்திவிட்டு.

அழுத்துவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் ஸ்பானர் ஓடியே போயிருப்பான். ஒர்க் ஷாப்பில் அவனுக்கு அதுதான் பெயர். எப்பேர்ப்பட்ட இன்ஜினையும் அசராமல் பிரித்து மாட்டுகிற கை. அந்தக் கை இப்போது சட்டைப் பொத்தானைத் தப்பாக மாட்டிக்கொண்டிருந்தது.

"லத்தீனா? அது எந்த ஊர் பாஷைன்னே தெரியாதே எனக்கு!"

"கத்தாதே. லத்தீன் தெரியாதவனுக்குப் பொண்ணு கிடையாதுன்னு அம்மாவோட அப்பா, எங்க தாத்தா வச்ச சட்டம். அப்பா அதையே பிடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நிக்கிறார். நான் வேற என்ன செய்ய? ஒரே ஒரு வினைச்சொல் போதும். 'அகெரே'. அதைப் பத்தித்தான் காலமெல்லாம் புத்தகம் எழுதறார், வேற எதையும் கேக்கவே மாட்டார்."

"அர்த்தம் என்ன?"

"நம்ம 'போடு' மாதிரி. டீ போடு, சட்டை போடு, சண்டை போடு, எங்க வச்சாலும் நிக்கும் பாரு, அந்த மாதிரி. 'அகோ'ன்னா செய்யறேன், ஓட்டறேன், நடிக்கிறேன், எல்லாம்தான். 'கிராத்தியாஸ் அகோ'ன்னா நன்றி. 'நிஹில் அகோ'ன்னா சும்மா இருக்கேன். மாட்டிக்கிட்டா 'ஆக்தும் எஸ்த்'."

"அப்படின்னா?"

"கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

கதவு திறந்தது.

வாசலில் நின்றவர் அவளுடைய அப்பா. மாமனார் விட்டுப்போன புத்தகக் கடையை நடத்துகிறவர். அவருடைய மூக்குக் கண்ணாடியையும் பேச்சையும் பார்த்துத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் புரொபசர். வந்தவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "க்விட் அகிஸ்?" என்றார்.

நர்ஸ் முதுகில் கிள்ளினாள். "கிராத்தியாஸ் அகோ!" என்று அலறினான் ஸ்பானர்.

"பலே! எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நன்றி சொல்றார். இந்தக் காலத்துல இப்படிப் பணிவா! உள்ளே வாங்க, உட்காருங்க. என்ன தொழில் பண்றீங்க?"

முதல் பந்திலேயே சிக்ஸர் அடித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? கையிலிருந்த அடுத்த சரக்கையும் அவிழ்த்தான்.

"நிஹில் அகோ!"

புரொபசரின் முகம் தொங்கிப்போனது. "ஒண்ணுமே செய்யலையா? வீட்டுல சும்மாவா இருக்கீங்க?"

"ஐயையோ, இல்லை சார்! வண்டி ரிப்பேர். ஓட்டவும் செய்வேன். அதுவும் அகோதானே சார்?"

"அடடா! சும்மா இருக்கறதுல ஆரம்பிச்சு, ஓட்டறதுல கொண்டுவந்து நிறுத்திட்டாரே! அதுதான் ஐயா ஆதி அர்த்தம். ஆடு மாடு ஓட்டறதுல பிறந்த சொல். அப்புறம் வண்டி ஓட்டறது, வாழ்க்கையை ஓட்டறது, மேடையில வேஷம் கட்டறது..."

அப்போது தெருவில் ஒரு லாரி முக்கி முனகிக்கொண்டு போனது.

"கிளட்ச் பிளேட் போச்சு" என்றார் புரொபசர் தன்னை மறந்து. உடனே பலமாக இருமினார்.

ஸ்பானரும் அதையேதான் நினைத்தான். ஆனால் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறவனுக்கு மற்றதை யோசிக்க ஏது நேரம்? டீ கொண்டுவந்து வைத்த நர்ஸின் அம்மா மட்டும் ஏனோ உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

இனி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தான் ஸ்பானர். புரொபசர் அந்தச் சொல்லை அலசு அலசென்று அலசினார். இவன் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"என்ன, பேச்சையே காணோம்? நான் சொன்னதை நீங்க ஏத்துக்கலை, அப்படித்தானே?"

பயத்தில் தலை எந்தப் பக்கம் ஆடியது என்று ஸ்பானருக்கே தெரியாது. புரொபசர் துள்ளி எழுந்தார். "மறுக்கிறார்! என்கூட மல்லுக்கு நிக்க ஒரு ஆள் வரமாட்டானான்னு ஏங்கிக் கிடந்தேன்!"

"இல்லவே இல்லை சார்! நீங்க சொல்றதுதான் நூத்துக்கு நூறு சரி!"

"அப்போ ரெண்டு பேரும் ஒரே கட்சி. இன்னும் நல்லதாப் போச்சு! தினமும் சாயங்காலம் வந்துடுங்க, சேர்ந்தே புத்தகத்தை முடிப்போம். முடிச்ச கையோட கல்யாணம்!"

"எவ்வளவு... பாக்கி இருக்கு சார்?"

கட்டிலுக்கு அடியிலிருந்து, எழுதிய தாள் பிதுங்கும் ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்தார் புரொபசர். பின்னாலேயே இன்னொன்றையும் இழுத்தார். "இப்போதைக்கு முதல் அர்த்தம், 'ஓட்டுதல்' வரைக்கும் வந்திருக்கேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. இந்தக் கணக்கில் போனால் கல்யாண மேடைக்குக் கைத்தடி ஊன்றித்தான் ஏறவேண்டும் என்று நர்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைப் பத்தி ஒரு வார்த்தை பேச ஆளில்லாமலே இருந்துட்டேன் தம்பி. நீங்க எனக்கு மாப்பிள்ளையா மட்டும் வரலை."

அந்த ஈரக் கண்களைப் பார்த்ததும் ஸ்பானருக்கு மனசு கேட்கவில்லை. பொண்ணு கிடைத்தாலும் சரி, போனாலும் சரி, இந்த மனுஷனை ஏமாற்றுவது பாவம் என்று தோன்றிவிட்டது.

"ஆக்தும் எஸ்த், சார்."

"எது முடிஞ்சுது?"

"என் கதைதான். எனக்கு லத்தீன் தெரியாது சார். உங்க வாசல்ல நின்னு கத்துக்கிட்ட நாலு சொல்லுதான். உங்க பொண்ணை விட மனசில்லாம பொய் சொல்லிட்டேன். அவளைத் திட்டாதீங்க. நான் வெறும் மெக்கானிக்."

புரொபசரின் முகம் சிவந்தது. விருட்டென்று உள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"போச்சு, எல்லாம் போச்சு!" என்று நர்ஸ் விசும்பினாள். ஸ்பானர் எழுந்து செருப்பைத் தேடினான்.

டீ கிளாஸ்களை எடுக்க வந்த அம்மா அவனைக் கையமர்த்தினாள்.

"உட்காருங்க தம்பி. அவர் கோபத்துல போகலை, வெட்கத்துல போயிருக்கார். எங்கப்பா முன்னாடி இதே நாற்காலியில உட்கார்ந்து இதே பொய்யைச் சொன்னப்போ இவர் லாரி டிரைவர். உங்களை மாதிரி ஒத்துக்கத் தைரியம் வராமதான், பாவம், இன்னிக்கு வரைக்கும் படிச்சுக்கிட்டே இருக்கார்!"