ஈஸ்வரபாண்டியின் மாத்திரை

தன் உடம்புக்கு ஒத்துக்கொண்ட மருந்து ஊர் உலகத்துக்கே ஒத்துக்கொள்ளும் என்று நம்புகிற ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். தேனிப் பக்கம் கம்பத்தில் அவருக்குப் பெயர் ஈஸ்வரபாண்டி, வாழைத்தார் வியாபாரி.

எட்டு வருஷமாக வலிப்புக்கு ஒரே மாத்திரை, ஒரு குறையும் இல்லை. அதனால் லோடு ஏற்றுகிறவர் தலை சுற்றுகிறது என்றாலும், டீக்கடைக்காரர் தூக்கமில்லை என்றாலும், அதையே நீட்டி, "பாதி போட்டுப் பாருங்க" என்பார். பாதிதான். கருணைக்கும் ஓர் அளவு வேண்டாமா?

அவர் தங்கை உமாதேவிக்குத் திராட்சைத் தோட்டத்தில் முதல்முறையாக வலிப்பு வந்தது. அண்ணன் போடும் மாத்திரையைச் சொல்லிக் கேட்டும் தேனி டாக்டரம்மா அதை எழுதவில்லை. "சிலருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு இருக்கும். அவங்களுக்கு இது தோலையே உரிச்சிடலாம். ரத்தம் சோதிச்சுப் பாத்துடுவோம்" என்று சொல்லி, அதுவரைக்கும் வேறொன்றைக் கொடுத்தார்.

ஈஸ்வரபாண்டிக்குச் சிரிப்பு வந்தது.

"ஏத்தா, ரெண்டு பேரும் ஒரு வயித்துப் பிள்ளைக. எனக்கு ஒத்துக்கிட்டது ஒனக்கு ஒத்துக்காதா?"

"டாக்டரம்மா சோதிக்கணும்னு சொன்னாகளே, அண்ணே."

"அவுக படிச்சவுக. நான் முழுங்குனவன்."

உமாதேவி அண்ணனின் மாத்திரையை விழுங்கினாள். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல், சிவந்த கண், வாயெல்லாம் புண், மார்பில் செந்தடிப்பு. வேர்க்குரு என்றார் அண்ணன். சந்தனம் தடவச் சொன்னார். அவள் தேனி பஸ் ஏறினாள். அதுதான் அவளைக் காப்பாற்றியது.

மூன்று வாரம் ஆஸ்பத்திரி. சோதனை முடிவும் வந்தது: அந்த மரபணு அவளுக்கு இருந்தது.

"எனக்கு இல்லாதது இவளுக்கு எப்படி?" என்றார் ஈஸ்வரபாண்டி.

"அப்பா அம்மாகிட்ட இருந்து ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பங்குதான் வரும். உங்க பங்கு வேற, அவங்க பங்கு வேற" என்றார் டாக்டரம்மா.

தங்கையின் தோலுரிந்த உதட்டில் அவர் கரண்டியால் கஞ்சி ஊற்றினார். "நல்லதுக்குத்தான குடுத்தே, அண்ணே" என்றாள் உமாதேவி. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

இப்போது அவர் யாருக்கும் மாத்திரை கொடுப்பதில்லை. பல்வலி என்று யாராவது முனகினால் போதும், "மரபணு பாத்தீகளா?" என்று பஸ் நிலையம் வரை துரத்துகிறார். இனம் அழியவில்லை, கட்சி மாறியிருக்கிறது.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்களா? நல்லது. போன வாரம் கழுத்து வலி என்ற அலுவலக நண்பருக்கு மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்களே, அது என்ன மாத்திரை?