மூலக்கூறுப் பொருத்தம் பார்த்த மகான்

பேய் ஓட்டுவதும் கைரேகை பார்ப்பதும் பழைய தொழில். குவாண்டம் மகான் மூலக்கூறுகளுக்குப் பொருத்தம் பார்ப்பவர். வாடகை மண்டபத்தில் நிற்க இடமில்லை. வங்கி மேலாளர், ஓய்வுபெற்ற பொறியாளர் என்று படித்த கூட்டம் ஆளுக்கொரு மாத்திரை அட்டையோடு உட்கார்ந்திருந்தது.

மேடையில் ஒரு கருவி. இடது கிண்ணத்தில் உங்கள் மாத்திரை, வலது கிண்ணத்தில் மகானின் பொடி. பொத்தானை அழுத்தினால், திரையில் சிவப்பு உருண்டைகளும் நீல உருண்டைகளும் சுற்றி வந்து கட்டிக்கொள்ளும். ஒற்றுமை 98%!

"ரெண்டும் ஒண்ணுதான். மாத்திரையைத் தூக்கிப் போடு, என் பொடியே போதும்!" கைதட்டல்.

என்னைப் படிக்கவைத்த சித்தி அப்படித்தான் வலிப்பு மாத்திரையைத் தூக்கிப் போட்டாள். முந்தாநாள் அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்தாள். வெந்த கையில் கட்டோடு, இன்னொரு டப்பா பொடி வாங்க முன்வரிசையில் இருந்தாள்.

"சித்தி, மாத்திரையை மறுபடி சாப்பிடு. உன் கால்ல விழறேன்."

"நீ படிச்சதைத்தானேடி அவரும் சொல்றாரு?"

"சர்க்கரை மாத்திரைக்கும் அதே தொண்ணூத்தெட்டுதானே வந்துச்சு?"

"அவரு பொடி எல்லாத்துக்கும் பொருந்தும்டி!"

தலையில் அடித்துக்கொண்டேன். ஆய்வகத்தில் என் வேலையே இதுதான். ஒரு மூலக்கூறின் எலக்ட்ரான் மேகத்தைக் கணக்கிட்டு, இன்னொன்றின் மேல் வைத்து, திருப்பித் திருப்பி, எந்த நிலையில் அதிகம் படிகிறது என்று அளப்போம். கணினி மணிக்கணக்கில் முனகும். அப்படி வரும் எண்ணும் சாயலைத்தான் சொல்லும். சாயல் இருந்தால் மருந்தாகிவிடாது. மகானுக்கோ கண்சிமிட்டும் நேரத்தில் வேலை முடிந்தது.

ஒன்று நிச்சயம். எதையும் அதன் மேலேயே வைத்தால் நூறு வந்தாக வேண்டும்.

சித்தியின் டப்பாவிலிருந்து கொஞ்சம் பொடியைக் காகிதத்தில் மடித்து மேடையேறினேன்.

"சாமி, என் மாத்திரையை நுணுக்கிக் கொண்டாந்திருக்கேன்."

மகான் கண்மூடினார். பொத்தான் அமுங்கியது. 98%! கைதட்டல்.

ஒலிபெருக்கியைப் பிடுங்கினேன். "சித்தி, இது உன் டப்பாவுல இருந்த பொடி! ரெண்டு கிண்ணத்துலயும் ஒரே சரக்கு. மிச்சம் ரெண்டு எங்க போச்சு சாமி?"

"காத்துல ஈரம்மா..."

"அப்போ காத்தையே அளப்போம்." இரண்டு கிண்ணங்களையும் எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமே இல்லாத கருவியில் சிவப்பும் நீலமும் சுற்றின, கட்டிக்கொண்டன. 98%.

கைதட்டல் இல்லை.

"நூறுன்னே போட்டுத் தொலைச்சிருக்கலாமேடா!" பொறியாளர் கத்தினார்.

பயத்தில் மகானுக்கு உண்மை வாய்தவறி வந்தது. "நூறு போட்டா உங்களை மாதிரி படிச்சவங்க நம்ப மாட்டாங்கய்யா!"

அவர் பின்வாசலைத் தேட, கூட்டம் துரத்தியது. ஓடுகிற ஓட்டத்திலும் ஒருவர் பக்கத்தில் ஓடியவரிடம் சொன்னார்: "டிஎன்ஏ பாத்து பலன் சொல்றவர் ஒருத்தர் இருக்காராம். அவரு நிஜமாம்!"

சித்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. "மாத்திரை வச்சிருக்கியா?" என்றாள்.

"முதல்ல டாக்டரைப் பாப்போம். அவர் சொல்ற மாதிரி ஆரம்பிப்போம். எந்திரி."

கட்டுப் போடாத கையை நீட்டினாள். பிடித்து எழுப்பினேன்.

அறிவியல் பேரைச் சொன்னாலும் ஏமாற்று ஏமாற்றுதான். மகான்களைக் கும்பிடுவதற்கு முன், அந்தக் கைகளால் கிண்ணத்தை எடுத்துவிட்டு ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்களய்யா!