ஜி.ஐ.யா, எவர்சில்வரா?

சிவகாசியில் அச்சாகிற காலண்டர்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் ரோசனை அண்ணாச்சியின் குழப்பத்து உயரத்துக்கு வராது. நான் புரூஃப் பார்த்த அச்சுக் கம்பெனியில் சாமான் வாங்குகிற வேலை அவருக்கு. பேனா வாங்கப் போனால், நீலமா கறுப்பா என்று தெரியாமல் பென்சிலோடு திரும்புவார். இந்த ஓயாத யோசனையால் வந்த பட்டப்பேர்தான் 'ரோசனை'.

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, காலண்டர் சீசனுக்காக ஒட்டுகிற வேலையை மாடிக்கு மாற்றினார்கள். செங்குத்தான படி, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒட்டுகிற பெண்களில் முத்துலட்சுமிக்குச் சிறுவயதிலிருந்தே இடது காலில் பலமில்லை.

"கம்பி போடுற வரைக்கும் அந்தப் புள்ள வீட்ல இருக்கட்டும். விழுந்துட்டா யாரு பதில் சொல்ல?" என்றார் முதலாளி.

வீட்டில் இருந்தால் கூலி கிடையாது. "நாளைக்கே வாங்கிருதேன்" என்று அண்ணாச்சி விருதுநகருக்கு பஸ் ஏறினார்.

கடைக்காரர் இரண்டு குழாய்த் துண்டுகளைக் காட்டியிருக்கிறார். ஒன்று ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. விலை குறைவு, ஆனால் பற்றவைத்த இடத்தில் பூச்சு போய்த் துருப்பிடிக்கும். மற்றது எவர்சில்வர். துரு பயமில்லை, விலைதான் பயம். அண்ணாச்சி துண்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மேசையில் இரண்டு தம்ளர் உப்புத் தண்ணீரில் அவற்றை ஊறப்போட்டார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ரெண்டுமே துருப்புடிக்கலையே. இப்ப நான் என்ன செய்ய?"

பிறகு காந்தம் கொண்டுவந்தார். எவர்சில்வரில் அது ஒட்டவில்லை. "காந்தமே நம்பாத ஒண்ண நம்பி அந்தப் புள்ளைய எப்படிப்பா ஏத்த?" இடையில் கம்பெனி வேலையாக ஒரு தாளைக் கொடுத்துவரச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு அவரை அனுப்பினோம். அங்கே இருந்த படிக்கட்டுக் கம்பிகளையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, தாளைக் கொடுக்காமலே திரும்பி வந்தார்.

ஆனால் முத்துலட்சுமி ஒருநாள்கூட வீட்டில் இருக்கவில்லை. அவள் ஏறும்போதும் இறங்கும்போதும் அண்ணாச்சி பக்கத்தில் நின்று முழங்கையை மடக்கி நீட்டுவார்.

"புடிச்சுக்க தாயி. இப்போதைக்கு நான்தான் கம்பி."

முதலாளி பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். ஒருநாள் நடுப்படியில் அவள் கேட்டாள்: "அண்ணாச்சி, நீக ஜி.ஐ.யா, எவர்சில்வரா?"

அண்ணாச்சி அங்கேயே நின்று யோசித்தார். பின்னால் பத்துப் பெண்கள் பசை வாளியோடு காத்திருந்தார்கள்.

"அதாம்மா வெளங்கல."

மூன்றாவது வாரம் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. துண்டுகளை முத்துலட்சுமியிடமே கொடுத்தார். பசைக் கையால் இரண்டையும் பிடித்துப் பார்த்தாள். "பளபளன்னு இருக்கது வழுக்குது முதலாளி. இதே போதும்" என்று ஜி.ஐ.யை நீட்டினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கம்பி வந்தது. பற்றவைத்த இடங்களில் பெயின்ட்டும் அடித்தார்கள். முதல் நாள் அவள் தனியாகவே ஏறினாள். கடைசிப் படி வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, மெல்ல என்னிடம் திரும்பினார்.

"தம்பி, எவர்சில்வரே வாங்கியிருக்கலாமோ?"

"ரெண்டையும்விட நீங்கதான் நல்லா இருந்தீக அண்ணாச்சி" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.